பெண்கள் பட்டியலை அழித்தது யார்

கட்டாரில் இருக்கும் மருமகன் அவர்களே, பட்டியலை அழித்தது நீங்கள். நான் அல்ல. வியாழக்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு உங்கள் பெயரில் உள்ளே வந்து, இரண்டு வரி தட்டி, நூற்றெழுபது பெண்களின் போன் நம்பரைக் காற்றில் விட்டீர்கள். தெரியாமல் நடந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். தெரியாமல் தட்டினீர்கள் என்றால் அது இன்னும் மோசம்.

வாசிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். நான் தில்லையடியில் இருக்கிறேன். கொழும்பில் ஒரு கம்பனியில் ஆறு வருடம் சேர்வர் பார்த்தவள். கலியாணத்துக்குப் பிறகு அதே வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். ஊரில் பாதிப்பேருக்கு நான் வீட்டில் சும்மா இருக்கும் பெண். மீதிப்பேருக்கு நான் போன் திருத்துகிறவள். ஸ்கிரீன் உடைந்த போனைக் கொண்டுவந்து வாசலில் நிற்பார்கள். எனக்குப் போன் திருத்தத் தெரியாது என்று சொன்னால், கொழும்பில் என்னதான் படித்தாய் என்பது போல ஒரு பார்வை.

மேலே சொன்ன மருமகன், எங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவரின் மூத்த மகளைக் கட்டியவர். கட்டாரில் மென்பொருள் என்ஜினியர். பட்டியல் என்பது மரண அறிவித்தலான ஜனாஸா மெசேஜ் போகும் பட்டியல்.

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளி மைக்கில் அறிவிப்பார்கள். மைக் சத்தம் ஒரு கிலோமீட்டர் போகும். எங்கள் ஆட்கள் அதைவிடத் தூரம் போய்விட்டார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்த குடும்பங்களில் ஒரு பகுதி திரும்பிப் போயிற்று, ஒரு பகுதி இங்கேயே வேர்விட்டது. பிள்ளைகள் கற்பிட்டியிலும் கனமூலையிலும் கலியாணம் கட்டி இருக்கிறார்கள். ஜனாஸா எவருக்காகவும் காத்திருக்காது. காலையில் மௌத் என்றால் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அந்த ஐந்தாறு மணித்தியாலத்துக்குள் செய்தி போய், பஸ் பிடித்து, வந்து முகம் பார்க்க வேண்டும். பெண்கள் அடக்கும் இடமான மையவாடிக்குப் போவதில்லை. மையித்தைச் சுமக்கும் சந்தூக்கு வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன் பார்த்தால் பார்த்தது. தாண்டிவிட்டால் பிறகு எல்லாரும் எழுப்பப்படும் கியாமத் நாளில்தான்.

அதனால் மெசேஜ் அனுப்பும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அதைக் குறை சொல்லவில்லை. மருமகன் விடுமுறையில் வந்தபோது தானே எழுதிக் கொடுத்தார். ஒரு பழைய கொம்பியூட்டரும் கொண்டுவந்து வைத்தார். அன்று பள்ளியில் ஒரு கூட்டம் நடந்தது. நான் போகவில்லை, போக முடியாது. போன என் கணவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எல்லாம் கொன்டெய்னரில் ஓடும் என்று மருமகன் சொன்னாராம். சபையில் ஒருவர் எழும்பி, பள்ளி கேற்றுக்குள் நாற்பதடிக் கொன்டெய்னர் திரும்பாது, மதிலைத்தான் உடைக்க வேண்டி வரும் என்றாராம். அது லொறிக் கொன்டெய்னர் இல்லை, கொம்பியூட்டருக்குள் மென்பொருளை வைத்து ஓட்டும் ஒரு பெட்டி என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போயிருக்கிறது. பிறகு மருமகன், இந்த ஏற்பாடு ஒரே நேரத்தில் பத்து இலட்சம் பேருக்கு மெசேஜ் அனுப்பினாலும் தாங்கும் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பள்ளி மஹல்லாவில் அறுநூற்றுச் சொச்சம் குடும்பம். ஆனாலும் எல்லாரும் மாஷா அல்லாஹ் சொன்னார்களாம்.

விடுமுறை முடிந்து அவர் போய்விட்டார். கொம்பியூட்டரைப் பார்க்க ஆள் வேண்டும். தலைவர் ஹாஜியார் என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, "மகள், இது பெரிய நன்மையான வேல" என்றார். நான் ஓம் என்றேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை.

அந்தக் கொம்பியூட்டரை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளியின் பின்னறையில், சந்தூக்குக்கும் கந்தூரிக்குச் சோறு ஆக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் இருப்பதாகச் சொன்னார்கள். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் எங்கள் பள்ளியில் இல்லை. ஆனால் என் கட்டளைகள் போயின. என் வீட்டுக் குசினி மேசையில் லெப்டொப்பைத் திறந்து, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நான் அந்த அறைக்குள் நிற்பேன். எது ஓடுகிறது, எது விழுந்து கிடக்கிறது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது, எல்லாம் வரி வரியாக வரும். மெசேஜ் அனுப்புவது ஒரு கொன்டெய்னர். பாங்கு சொல்லும் மோதினார் போனில் நிரப்பும் படிவத்தைக் காட்டுவது இன்னொன்று. இரண்டுதான். விழுந்ததை எழுப்புவேன். சண்டித்தனம் செய்வதை நிறுத்தித் திரும்பவும் ஓட விடுவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது உள்ளே போய் வந்திருப்பேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழு இல்லாமலும் போயிருக்கிறேன். யார் தடுத்தது?

முதல் மாதம் கொன்டெய்னர்கள் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் விழுந்தன. விடியச் சுபஹுக்குப் பிறகு ஒரு தரம், அஸருக்குப் பிறகு ஒரு தரம். மூன்று நாள் குறிப்புகளைக் கிண்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மோதினாருக்குப் போன் எடுத்தேன். அவர் ஒளிக்கவில்லை.

"அந்த அறையில ஒரு பிளக்குத்தானே புள்ள. ஒங்கட பொட்டியக் கழட்டினாத்தான் என்ட கேத்தலுக்குக் கரண்ட் வரும். நானும் மனுசன். எனக்கும் தேத்தண்ணி வேணும்."

அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. மனிதர் சொல்வதும் நியாயம். கரண்ட் திரும்பி வந்ததும் எந்தக் கொன்டெய்னரும் தானாக எழும்பி ஓடும்படி கொம்பியூட்டரில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு மோதினார் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார், ஜனாஸா மெசேஜும் போனது. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் கரண்ட் பிடுங்கப்பட்டு எழும்பிய அந்தக் கொன்டெய்னரில் ஒரு நம்பர்கூடக் காணாமல் போகவில்லை. தலைவர் ஹாஜியார் பிறகு கரண்டின் மேலும் ஒரு பழி போட்டபடியால் சொல்கிறேன்.

இனிப் பட்டியல். மருமகன் போட்டுத் தந்தது சந்தாப் பட்டியல். பள்ளிக்குச் சந்தா கட்டுவது குடும்பத் தலைவர், ஆகவே இருந்ததெல்லாம் ஆண்களின் நம்பர். புருசனுக்கு மெசேஜ் போனால் பெண்சாதிக்குப் போன மாதிரி என்பது கணக்கு. புருசன் கடலில் நின்றால்? சவூதியில் இருந்தால்? பெண்சாதியோடு கதையில்லாமல் இருந்தால்? உம்மா மௌத்தான செய்தி மகளுக்கு மருமகன் வழியாகப் போக வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

என் வீட்டுக்கு வந்த பெண்கள்தான் கேட்டார்கள், எங்கட நம்பரையும் போடுங்களேன் என்று. போட்டேன். ஒருத்தி போட்டாள் என்று இன்னொருத்தி வந்தாள். நூற்றெழுபது சேர்ந்தது. நிர்வாக சபையிடம் கேட்டுத்தான் போட்டேன். நல்லது மகள் என்று தலைவர் ஹாஜியார் வாயால் சொன்னார்.

ஆனால் அந்த நம்பர்களை எங்கே எழுதினேன் என்பதுதான் கதை. இது விளங்காவிட்டால் மீதி ஒன்றும் விளங்காது.

கற்பிட்டிப் பக்கம் பருவத்துக்கு வந்து மீன் பிடிக்கிறவர்கள் கடற்கரையில் வாடி போடுவார்கள். கம்பு, கிடுகு, தகரம். கொன்டெய்னர் அப்படி ஒரு வாடி. எப்படிப் போட வேண்டும் என்ற அச்சு ஒன்று இருக்கிறது. அந்த அச்சை வைத்து எத்தனை தரமும் ஒரே மாதிரி வாடி போடலாம். வாடியைச் சாத்திவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உள்ளே வைத்த பானை அங்கேயே இருக்கும். அது நிறுத்துவது. மோதினாரின் கேத்தல் செய்தது அதைத்தான். வாடியைப் பிரித்து எடுத்துவிட்டு அதே அச்சில் புதிதாகப் போட்டால் பார்வைக்குப் பழையது மாதிரியே இருக்கும், ஆனால் பானை போயிருக்கும். அது கலைப்பது. நிறுத்துவதற்கு ஒரு கட்டளை, கலைப்பதற்கு வேறு கட்டளை. ஆகவே பத்திரமாக இருக்க வேண்டியதை வாடிக்கு வெளியே, கல்வீட்டில் வைத்து, வாடிக்கு ஒரு வழி மட்டும் விட வேண்டும். இந்த வேலை பழகுகிறவர் முதல் வாரத்திலேயே படிப்பது இது.

மருமகன் சந்தாப் பட்டியலை அச்சுக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தார். வெளியே ஒன்றும் இல்லை. நான் பெண்களின் நம்பரை ஓடிக்கொண்டிருந்த கொன்டெய்னருக்குள் போய், அங்கேயே எழுதினேன். அதாவது பானையை வாடிக்குள் வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். வேறு இடம் இல்லை. கலைத்துப் போடும் அதிகாரம் அவரிடம் மட்டும் இருந்தது. பட்டியலை வெளியே வையுங்கள் என்று அவருக்கு இரண்டு தரம் எழுதினேன். முதல் தரம், லேட்டர் சிஸ்டர் என்று பதில் வந்தது. இரண்டாம் தரம் நிர்வாகக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன். அவரும் எல்லாரும் பார்க்கும்படியே பதில் போட்டார்.

"சிஸ்டர், டிசைன் எல்லாம் நான் பாக்கிறன். நீங்க ஹெல்ப் டெஸ்க் வேலய மட்டும் பாருங்க, போதும்."

அதற்குக் கீழே நாலுபேர் கட்டைவிரல் போட்டார்கள். அவர்களில் ஒருவர் மதிலை உடைக்க வேண்டும் என்றவர்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அதுவரை நான் வெள்ளிக்கு வெள்ளி பட்டியலைக் கொன்டெய்னரிலிருந்து ஒரு பிரதி எடுத்து என் லெப்டொப்பில் வைத்தேன். ஒரு வரிதான். தட்ட ஐந்து செக்கன் போகாது. அந்தப் பதிலுக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். மறந்து விட்டேன் என்று சொல்லலாம். பொய். வேண்டுமென்றே நிறுத்தினேன். ஒரு நாள் இது உடையும், அன்று இவருடைய டிசைனை ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளியும் நினைவு வந்தது, ஒவ்வொரு வெள்ளியும் விட்டேன். ஆறு வெள்ளி.

அந்த ஆறு வாரத்துக்குள்தான் அவள் வந்தாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வாப்பாவின் இளைய மகள். கலியாணம் கட்டிக் கற்பிட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், புருசன் கடல் தொழில். மாதம் ஒரு தரம் வாப்பாவைப் பார்க்க வருவாள். சிம்மை மாற்றிவிட்டாள், பழைய நம்பர் வேலை செய்யாது, அண்ணன், நானாவிடம் இன்னும் புது நம்பர் கொடுக்கவில்லை, மறந்து போனேன் ராத்தா என்றாள். வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், ஏதும் என்றால் எனக்கு முதலில் தெரிய வேண்டும், ஆகவே நம்பரைப் போடுங்கள் என்றாள். குசினி மேசையில் அவள் முன்னாலேயே தட்டினேன். சரியா என்று இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவள் கறுப்புத் திரையைப் பார்த்து, இதுக்குள்ளயா நான் இரிக்கேன் என்று கேட்டுச் சிரித்தாள்.

வாப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி போல மௌத்தானார். மைக்கில் அறிவித்தார்கள். மோதினார் படிவத்தை நிரப்பினார். மெசேஜ் போனது. நான் திரையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அனுப்பியாயிற்று, தவறியது ஒன்றும் இல்லை என்று இருந்தது. மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். எத்தனை போனது என்ற எண்ணும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் நூற்றெழுபது குறைவது தெரிந்திருக்கும். இதுவும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய நானா அவளுக்குப் போன் எடுக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. மெசேஜ் வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் எவரும் எவருக்கும் மௌத்துச் செய்தி சொல்லப் போன் எடுப்பதில்லை. முன்பு ஒரு வீட்டில் மௌத் என்றால் நாலுபேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடப்பார்கள். இப்போது பள்ளியிலிருந்து போகும்தானே என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் எனக்கும் பங்குண்டு, பெருமையாகக்கூட இருந்தது. பகல் லுஹருக்குப் பிறகும் அவளைக் காணவில்லை என்றதும் நானா பழைய நம்பருக்கு எடுத்திருக்கிறார். வேலை செய்யவில்லை. மச்சானுக்கு எடுத்திருக்கிறார். மச்சான் கடலில், போன் கரையில். மற்றப் பெண்களுக்கும் மெசேஜ் போகவில்லைதான். அவர்களில் அநேகர் ஊரில் இருந்து மைக்கில் கேட்டவர்கள். இல்லாதவர்களுக்கு அந்த மௌத் தூரத்து உறவு. மகள் ஒருத்திதான். அஸருக்குச் சந்தூக்கு வெளிக்கிட்டது.

அடுத்த நாள் புதன்கிழமை காலை அவள் வழக்கம் போல வாப்பாவைப் பார்க்க வந்தாள். கையில் கட்டாக் கருவாடு ஒரு பார்சல். பல்லுக்கு மெதுவாக இருக்கும் துண்டாகப் பார்த்து எடுத்து வந்தாளாம். தெரு மூலையில் திரும்பியபோது வீட்டு முன்னால் கூடாரத் துணியும், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகளும் தெரிந்திருக்கின்றன. யாருக்கு என்று அங்கே நின்ற ஒருவரிடம் கேட்டாளாம். கேட்கப்பட்டவர் இவளை யாரென்று தெரியாமல் பேர் சொல்லியிருக்கிறார்.

லுஹருக்குக் கொஞ்சம் முன்னர் என் வாசலுக்கு வந்தாள். நான் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"நீங்க எழுதினத நான் பாத்தேன் ராத்தா. ரெண்டு தரம் வாசிச்சும் காட்டினீங்க. அப்ப என்ட நம்பர் எங்க போச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அவள் போன கையோடு நான் திரையைத் திறந்தேன். கொன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். மோதினார் காலையில் பிடுங்கியதிலிருந்து என்றது. அது சரி. உண்டாக்கப்பட்டது எப்போது என்று கேட்டேன். ஆறு நாள் முன் என்றது. நாலு மாதம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு நாள். உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்தேன். ஆண்கள் எல்லாரும் இருந்தார்கள். மௌத்தானவர்கள்கூட இருந்தார்கள். ஒரு பெண்ணும் இல்லை.

யார் எப்போது உள்ளே வந்து என்ன தட்டினார் என்று எழுதி வைக்கும் ஏற்பாட்டை முதல் வாரமே நான் போட்டிருந்தேன். அதைத் திறந்தேன். வியாழக்கிழமை, பத்து பன்னிரண்டு, மருமகனின் பெயர். முதல் வரி, கலை. இரண்டாம் வரி, புதிதாகப் போடு. அவ்வளவுதான். மூன்றாம் வரியில் வெளியே போய்விட்டார். கலைப்பதற்கு முன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வரிகளைப் படம் எடுத்துத் தலைவர் ஹாஜியாருக்கு அனுப்பினேன். போன் எடுத்தும் சொன்னேன். வாடிக் கதையையும் சொன்னேன். அவர் வாடி முதலாளியின் மகன், நன்றாக விளங்கியது. பார்த்துச் செய்வோம் மகள் என்றார். என்னிடம் இருந்த ஆறு வாரம் பழைய பிரதியைத் திருப்பிப் போட்டேன். நூற்று நாற்பத்தேழு பெண்கள் திரும்பி வந்தார்கள். இருபத்து மூன்று பேர் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மைக்கில் தலைவர் ஹாஜியாரின் குரல். நான் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கூரைக்கு நேரே ஒரு ஸ்பீக்கர் திரும்பி இருக்கிறது, கேட்காமல் இருக்க வழியில்லை. கரண்ட் தடைப்பட்டதாலும், பெண்கள் பட்டியலைப் பார்த்துவந்த சகோதரியின் கவனயீனத்தாலும் ஒரு குடும்பத்துக்கு மனவேதனை ஏற்பட்டுவிட்டது என்றார். அந்தச் சகோதரியை அல்லாஹ் மன்னிப்பானாக என்றார். இனிமேல் குழப்பத்தைத் தவிர்க்கக் குடும்பத் தலைவர்களுக்கு மட்டும் மெசேஜ் போகும் என்றார். பேர் சொல்லவில்லை. தில்லையடியில் பட்டியல் பார்த்த சகோதரி எத்தனை பேர்? என் வாசலைத் தாண்டிப் போன ஆண்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

என் கணவர் வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அதிகம் பேசாதவர். "சும்மா இருக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சும்மாதான் இருந்தேன். இறாலில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை எனக்கு ஒரு கேள்வி வந்தது. மருமகன் ஏன் அந்த வியாழக்கிழமை வந்தார்? நாலு மாதமாக எட்டிப் பார்க்காதவர். நான் கெஞ்சிக் கேட்டதைச் செய்யாதவர். எதையோ மாற்றத்தான் கலைத்துப் போட்டிருக்க வேண்டும். எதை? கொன்டெய்னரைக் கலைத்தாலும் அதைப் போட்ட பழைய அச்சு கொம்பியூட்டரில் கிடக்கும், யாரும் துப்புரவு செய்யாவிட்டால். அவர் துப்புரவு செய்யவில்லை. பழைய அச்சும் புது அச்சும் இரண்டும் கிடந்தன. இரண்டையும் என் லெப்டொப்பில் இறக்கி, வேறு பெயரில் ஓடவிட்டு, உள்ளே இருப்பதை ஒவ்வொரு கோப்பாக ஒப்பிடச் சொன்னேன். மாறியதை மட்டும் காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது.

ஒரு வரி வந்தது. நாலு மாத வேலையில், எல்லாக் கோப்பிலும் சேர்த்து, மாறியிருந்தது ஒரே ஒரு வரி. மெசேஜின் அடியில் வரும் ஒப்பம். முன்பு, இப்படிக்கு நிர்வாக சபைத் தலைவர் என்றும் அவருடைய பெயரும் இருந்தது. இப்போது பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடியிருந்தது. அல்ஹாஜ்.

தலைவர் ஹாஜியார் இந்த வருடம்தான் ஹஜ் முடித்து வந்தவர். அவரை ஊரே ஏற்கனவே ஹாஜியார் என்றுதான் கூப்பிட்டது, தொப்பி வைத்த வசதியான மனிதர் என்பதற்காக. உண்மையாகப் போய் வந்தபிறகு எழுத்தில் வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. ஆசையில் பிழை இல்லை. ஹஜ் செய்வது சின்ன விசயமும் இல்லை. ஆனால் ஒருவருடைய மௌத்துச் செய்தியின் அடியில் தன் பட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, அதற்காக மருமகனைக் கலைத்துப் போடச் சொல்லி, அதனால் ஒருத்தி வாப்பாவின் முகம் பார்க்காமல் போனபிறகு, கரண்டையும் என்னையும் சொல்வது? அந்தச் செவ்வாய்க்கிழமை என் கணவரின் போனுக்கு வந்த மெசேஜை நான் பிறகு பார்த்தேன். வாப்பாவின் பெயர் ஒரு வரி. தலைவரின் பெயர் ஒன்றரை வரி.

மருமகனுக்கு எழுதிக் கேட்டேன். மாமா அர்ஜன்ட் என்று சொன்னார், ஒரு சின்ன டெக்ஸ்ட் சேஞ்ச்தானே சிஸ்டர், உள்ளே டேட்டா இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று பதில் போட்டார். இரண்டு தரம் எழுதியிருந்தேனே என்றேன். அடுத்த நாள் என் கணக்கைப் பூட்டிவிட்டார். இப்போது கறுப்புத் திரையில் அந்த வாசலைத் தட்டினால் அனுமதி இல்லை என்று வருகிறது. போகட்டும், குறிப்புகளின் பிரதி எல்லாம் என்னிடம் இருக்கிறது. அந்த வாரத்துக்குப் பிறகு நான் பிரதி எடுக்காமல் எதையும் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். பாலாவியில் ஏறிய கூட்டம் நுரைச்சோலை வரை நின்றுகொண்டே வந்தது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அவள் இல்லை, மகள்தானே, மூன்று நாள் துக்கம் முடிந்து வெங்காயம் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் பங்கை முதலில் சொன்னேன். கோபத்தில் ஆறு வெள்ளி பிரதி எடுக்காமல் விட்டதைச் சொன்னேன். எத்தனை போனது என்ற எண்ணை வாசிக்காததைச் சொன்னேன். பிறகு மருமகன், பிறகு ஒப்பம். அவள் கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு பட்டத்துக்கா?"

"ஓம்."

"அப்ப நீங்களும் வீம்புக்கு விட்டீங்க. அவரு பட்டத்துக்குப் பிரிச்சாரு. ரெண்டு பேரும் சேந்துதான் என்ட வாப்பாவ மறச்சீங்க."

ஓம் என்றேன்.

மன்னிப்புக் கேட்டேன். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றாள். தேத்தண்ணி தந்தாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. வெளிக்கிடும்போது படலை வரை வந்தாள்.

"நீங்க இத எனக்கு மட்டும் சொன்னா காணாது ராத்தா. நானா ஒங்கட வீட்டு வாசலயே மிதிக்கக்கூடாது எண்டு சொல்லிட்டாரு. அவரு மைக்குல கேட்டதத்தான் நம்புவாரு. ஊரும் அப்படித்தான். நாளைக்கு நானாட மகளுக்கும் ஒரு நாள் வரும். அவட நம்பரும் பட்டியல்ல இல்ல."

திரும்பி வரும்போது அவள் சொன்னதைத்தான் யோசித்தேன். அவளுக்கு என் மேல் இருக்கும் கோபம் தீர வேண்டும் என்று நான் போனேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவே இல்லை. அடுத்த மகள் யார் என்று பார்த்துவிட்டாள்.

தலைவர் ஹாஜியாரைப் பார்க்க இரண்டு தரம் போனேன். முதல் தரம் வீட்டில் இல்லை என்றார்கள், செருப்பு வாசலில் இருந்தது. இரண்டாம் தரம் சந்தித்தார். பெண்பிள்ளைகள் பொது விசயத்தில் இறங்கினால் குடும்பத்துக்குத்தான் கெட்ட பேர், ஒங்கட வாப்பா மன்னாரிலிருந்து வந்து எவ்வளவு கண்ணியமாக இருந்த மனுசன் என்று சொன்னார். என் வாப்பாவை எதற்கு இழுத்தார் என்று எனக்கு விளங்கியது. வந்தவர்கள் வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் எங்களை வந்தவர்கள் என்றே நினைக்கிறார். நான் எழும்பி வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பங்கை மேலே எழுதிவிட்டேன். ஒளிக்கவில்லை. ஆறு வெள்ளியும் என்னுடையவை, வாசிக்காத எண்ணும் என்னுடையது. அவள் என்னை மன்னிக்காவிட்டால் அது அவளுடைய உரிமை.

தலைவர் ஹாஜியாரே, இனி உங்களிடம். எனக்கு வீட்டில் வைத்துப் பதில் வேண்டாம், போனில் வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் எழும்புமுன், ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவளுடைய நானா முன் வரிசையில் இருக்கும்போதே, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமை காலையில் உங்கள் மருமகனிடம் எந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னீர்கள்? புதன்கிழமை நான் எல்லாவற்றையும் காட்டியபிறகும், வெள்ளிக்கிழமை எதற்காகப் பெண்கள் எல்லாரையும் பட்டியலிலிருந்து வெளியே போட்டீர்கள்?